இன்னொரு பட்டியல் வேண்டாம்: நீரிழிவு நரம்பு ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நீரிழிவு ஆராய்ச்சிக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து, எதற்குப் பணம் தரலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கிறீர்கள். எந்த நாட்டுக் குழு, எந்த அமைப்பு என்பது இங்கே பெரிய விஷயமில்லை. நரம்பு பாதிப்பும் ஆர்.என்.ஏ.வும் என்று தலைப்பிட்டு உங்கள் மேசைக்கு வருபவை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவைதான். அவற்றில் சிலவற்றை எழுத நானும் உதவியிருக்கிறேன். ஆர்.என்.ஏ. என்பது டி.என்.ஏ.விலிருந்து செல் நகலெடுக்கும் மூலக்கூறு. ரத்தத்திலும் நரம்பிலும் கிடைக்கும் சிறு ஆர்.என்.ஏ.க்களை அளப்பது என் தொழில். பல ஆண்டுகளாக அதைச் செய்துவிட்டு, இப்போது உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வந்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரத்த மாதிரி எடுப்பதற்காகச் சில ஆண்டுகள் ஒரு பாதப் பரிசோதனை அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பானேன் என்று எனக்கும் பரிசோதனை செய்யப் பழக்கிவிட்டார்கள். அன்று வந்தவருக்குச் சர்க்கரை நோய் தெரிந்து 11 வருடம். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, அவருடைய கால் கட்டைவிரல் எலும்பின் மேல் நிறுத்தினேன். "கண்ணை மூடிக்குங்கய்யா. அதிர்வு நின்னதும் சொல்லுங்க" என்றேன். ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகியிருக்காது. "நின்னுடுச்சும்மா" என்றார். காம்பைப் பிடித்திருந்த என் விரல்களில் அது இன்னும் நன்றாகவே அதிர்ந்துகொண்டிருந்தது. அப்படியே எடுத்து அவர் மணிக்கட்டு எலும்பில் வைத்தேன். சட்டென்று கண்ணைத் திறந்தார். "இன்னும் அடிக்குதே!" என்றவர், குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்ப இதுல எப்பம்மா நின்னுச்சு?"

அவர் கோப்பைப் புரட்டினேன். 11 வருடச் சர்க்கரை அளவு இருந்தது. ரத்த அழுத்தம், எடை, கொழுப்பு எல்லாம் இருந்தன. பாதத்தின் உணர்வைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எப்போது நின்றது என்று சொல்ல அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அன்று அவரிடம் எடுத்த ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் சிறு ஆர்.என்.ஏ.க்களில் சில நூறு வகைகளை அளந்தேன். அவை நரம்பு கெடுவதற்கு முன்பே மாறியவையா, கெட்டதால் மாறியவையா, அவர் வயதால் மாறியவையா என்று பிரித்துச் சொல்ல எந்த வழியும் இல்லை. என் துறையின் சங்கடம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் நரம்பு பாதிப்பு வருகிறது. இரண்டாம் வகை நீரிழிவில், நோய் தெரியவரும் அன்றே சிலருக்கு அது தொடங்கியிருக்கும். கால்விரல் நுனியில் மதமதப்பாகவோ எரிச்சலாகவோ ஆரம்பித்து, காலுறை போடுவதைப் போல மேலே ஏறும். முழங்காலை நெருங்கும்போது கைவிரல் நுனிகளும் மரத்துப் போகத் தொடங்கும். இந்த ஒழுங்குக்குக் காரணம் நீளம். கால் கட்டைவிரலின் தொடு உணர்வைக் கொண்டுவரும் நரம்பு செல்லின் உடல் பாதத்தில் இல்லை, இடுப்புக்குப் பின்னால் தண்டுவடத்தை ஒட்டிய ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. அங்கிருந்து ஒற்றை இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடிப் பாதத்தைத் தொடுகிறது. இழையின் கடைக்கோடி வரை சரக்கு போய்ச் சேர வேண்டும், பழுது பார்க்க ஆள் போக வேண்டும், தகவல் திரும்பி வர வேண்டும். நீளமான இழைதான் முதலில் தளர்கிறது. போதாக்குறைக்கு, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இருப்பது போன்ற இறுக்கமான ரத்தத் தடுப்பு இந்த முடிச்சுக்குக் கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, அழற்சிப் பொருள் எது கூடினாலும் செல்லுக்கு நேராகப் போய்விடும்.

மருந்து? டுலாக்செடின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் ஆகியவை வலியைத் தணிக்கின்றன. தூக்கம் கெட்டுத் தவிப்பவருக்கு அது பெரிய உதவி, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இவற்றில் ஒன்றுகூட விழுந்த நரம்பை எழுப்புவதில்லை. மரத்துப்போன காலுக்கு இவற்றால் ஆவது ஒன்றுமில்லை. செருப்புக்குள் கிடக்கும் கல் அந்தக் காலுக்குத் தெரியாது. புண் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். 1993-இல் முடிவு வெளியான டி.சி.சி.டி. என்ற பெரிய ஆய்வு, முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரைக் கொண்டு நடந்தது. தீவிரக் கட்டுப்பாடு நரம்பு பாதிப்பை 60 சதவீத அளவுக்குக் குறைத்தது என்று அது காட்டியது. அருமையான பலன். ஆனால் இரண்டாம் வகையில் அதே கட்டுப்பாடு நரம்புக்குத் தரும் பலன் மிகச் சிறியது. அந்த ஆய்வு முடிந்த பிறகு இரண்டு குழுக்களின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. அவர்களையே விடாமல் பின்தொடர்ந்த எடிக் ஆய்வில், 13, 14 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, முன்பு தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் 25 சதவீதம் பேருக்கு நரம்பு பாதிப்பு, மற்றவர்களில் 35 சதவீதம் பேருக்கு. சர்க்கரை சமமான பிறகும் உடல் பழையதை மறக்கவில்லை. அந்த நினைவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? டி.என்.ஏ. மேல் ஒட்டும் ரசாயன அடையாளங்கள் ஓர் இடம். புரதமாக மாறாத ஆர்.என்.ஏ.க்கள் இன்னோர் இடமாக இருக்கலாம். இதற்காகத்தான் நான் இந்தத் துறைக்கு வந்தேன்.

மனித மரபுத்தொகுதியில் புரதம் செய்யக் குறிப்பு தரும் பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு, ஏறக்குறைய 20,000 மரபணுக்கள். மிச்சத்தில் பெரும்பகுதியைக் குப்பை என்று சொல்லும் வழக்கம் இருந்தது. 1972-இல் சுசுமு ஓனோ அந்தச் சொல்லைப் பரவலாக்கினார். பிறகு, அந்தப் பகுதிகளிலிருந்தும் செல் ஏராளமான ஆர்.என்.ஏ.க்களை எழுதி எடுக்கிறது என்பது தெரியவந்தது. 1993-இல் விக்டர் அம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் லின்-4 என்ற துக்கடா ஆர்.என்.ஏ.வைக் கண்டார்கள். அது எந்தப் புரதத்தையும் செய்வதில்லை, வேறொரு மரபணுவின் செய்தியில், அதாவது புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் செய்தி ஆர்.என்.ஏ.வில், போய் ஒட்டி அதை அடக்குகிறது. புழுவுக்கு மட்டும் உரிய விநோதம் என்று பலரும் கடந்து போனார்கள். 2000-இல் லெட்-7 என்ற இன்னொரு சிறு ஆர்.என்.ஏ. கிடைத்து, அது மனிதர் வரை மாறாமல் வந்திருப்பது தெரிந்ததும் நிலைமை மாறியது. அவர்கள் இருவருக்கும் 2024-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 எழுத்து நீளம்தான். ஒரு புரதத்தின் மடியில் உட்கார்ந்துகொண்டு, தன் எழுத்துக்குப் பொருந்தும் செய்தி ஆர்.என்.ஏ.வைத் தேடிப் பிடித்து அதன் குரலைத் தாழ்த்துகிறது. முற்றிலும் அடைத்துவிடுவதில்லை, தாழ்த்துகிறது. ஒன்றே நூற்றுக்கணக்கான செய்திகளைத் தொடக்கூடியது. நரம்புக்கு இது எவ்வளவு பொருத்தமான கருவி என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் இழை நுனிக்கு ஒவ்வொரு புரதத்தையும் செல் உடலில் செய்து அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. அதனால் செய்தி ஆர்.என்.ஏ.க்கள் இழைக்குள்ளேயே கொண்டுபோகப்பட்டு, தேவைப்படும் இடத்திலேயே புரதமாக்கப்படுகின்றன. மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் கூடவே இழைக்குள் இருக்கின்றன. எதை, எப்போது, எவ்வளவு செய்வது என்ற கட்டுப்பாட்டில் அவற்றுக்கும் பங்கு உண்டு. நீரிழிவு இந்தக் கட்டுப்பாட்டைக் குலைத்தால், முதலில் அடி வாங்குவது கடைக்கோடிதான்.

இதில் என் மனதுக்கு மிக நெருக்கமானது மிர்-146ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. 2006-இல் கலிஃபோர்னியாவில் டேவிட் பால்டிமோரின் ஆய்வுக்கூடத்திலிருந்து இதைப் பற்றிய முக்கியமான கட்டுரை வந்தது. செல்லில் அழற்சிக்கான சமிக்ஞை கிளம்பினால், அதே சமிக்ஞை மிர்-146ஏவையும் கூட்டுகிறது. கூடிய மிர்-146ஏ, சமிக்ஞையைக் கடத்தும் ஐராக்1, டிராஃப்6 என்ற இரண்டு புரதங்களைக் குறைக்கிறது. தீ மூட்டிய கையே தண்ணீர்க் குடத்தையும் பக்கத்தில் வைப்பது போன்ற ஏற்பாடு. நீரிழிவு கொண்ட எலிகளின் நரம்பு முடிச்சில் இந்த மிர்-146ஏ குறைந்துபோகிறது. தீ இருக்கிறது, குடம் இல்லை. டெட்ராய்டில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு வந்த சுண்டெலிகளுக்குச் செயற்கையாகச் செய்த மிர்-146ஏவைக் கொடுத்தபோது நரம்பில் சமிக்ஞை ஓடும் வேகம் கூடியது, உணர்வும் மேம்பட்டது.

அதே குழு இன்னொரு விஷயத்தையும் காட்டியது. நரம்பிழையை உறை போலச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்கள், ஆர்.என்.ஏ. அடைத்த நுண்பைகளை வெளியே அனுப்புகின்றன. மிகுந்த சர்க்கரையில் வளர்த்த ஷ்வான் செல்களின் பைகளைச் சுண்டெலிக்குக் கொடுத்தால் நரம்பு மோசமாகிறது. ஆரோக்கியமான ஷ்வான் செல்களின் பைகளை நீரிழிவுச் சுண்டெலிக்குக் கொடுத்தால் நரம்பு தேறுகிறது. ஒரு செல்லின் நோய் பக்கத்துச் செல்லுக்குச் செய்தியாகப் போகிறது என்பதை நான் முதன்முதலில் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

லெட்-7 குடும்பத்தின் கதை வேறு மாதிரி. கனடாவில் டக்ளஸ் சோகோட்னே குழு 2015-இல், நாள்பட்ட நீரிழிவுச் சுண்டெலிகளின் நரம்பு முடிச்சில் லெட்-7 குடும்பத்து உறுப்பு ஒன்று குறைந்திருப்பதைக் கண்டது. அதை மூக்கு வழியாகத் திருப்பிக் கொடுத்தபோது நரம்பு மேம்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் சீன ஆய்வாளர்கள், அடிபட்ட நரம்பின் ஷ்வான் செல்களில் லெட்-7 குறைந்தால்தான் நரம்பு வளர்ச்சிக் காரணி கூடி, நரம்பு மீண்டு வளர்கிறது என்று காட்டினார்கள். ஓரிடத்தில் கூட்டினால் நல்லது, ஓரிடத்தில் குறைத்தால் நல்லது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும், ஏனென்றால் செல் வேறு, காயம் வேறு. "லெட்-7 நல்லதா கெட்டதா" என்று கேட்கும் விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்தால், எந்தச் செல்லில், எந்தக் கட்டத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

இவ்வளவு நல்ல விஷயங்கள் இருந்தும் ஏன் இந்த மடல்? இந்தத் துறையில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றின் கதை ஒன்றுதான். எலிக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பார்கள். சில வாரம் கழித்து நரம்பை எடுத்து ஆர்.என்.ஏ.க்களை வரிசைப்படுத்துவார்கள். கூடியவை இத்தனை, குறைந்தவை இத்தனை என்று பட்டியல் வரும். அதில் ஒன்றைத் தேர்ந்து, அது எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பிடித்து முடக்குகிறது, அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. எந்தப் புரதத்தை அடக்குகிறது என்று ஓர் அம்புக்குறிப் படம் வரைந்து முடிப்பார்கள். அடுத்த குழு அடுத்த ஆர்.என்.ஏ.வை எடுக்கும். முந்தையதை யாரும் திரும்பத் தொடுவதில்லை. இதைச் செய்யும் இளம் ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை. புதிய பெயர் இருந்தால்தான் நிதி வரும் என்ற விதியை அவர்கள் எழுதவில்லை.

எலி வேண்டாம் என்பதும் என் வாதம் இல்லை. எலி இல்லாமல் மிர்-146ஏ பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது. ஆனால் எலியின் கால் நரம்பு சில சென்டிமீட்டர், நம்முடையது ஒரு மீட்டர். எலிக்கு நோய் சில வாரம், நமக்குப் பல பத்தாண்டுகள். சோதனைக்கு எடுப்பதோ பெரும்பாலும் இளம் ஆண் விலங்குகள். மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களாவது எலிக்கும் மனிதருக்கும் பெரும்பாலும் பொது. 200 எழுத்துக்கு மேல் போகும் நீண்ட ஆர்.என்.ஏ.க்கள் விஷயத்தில் அதுவும் கிடையாது. மனிதரில் ஆயிரக்கணக்கில் இருக்கும் அவற்றில் பலவற்றுக்கு எலியில் ஈடான ஒன்றே இல்லை. எலியில் தேடினால் அவை ஒருநாளும் அகப்படாது.

மனித ரத்தத்தில் தேடினால் சரியாகிவிடுமா? இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். நரம்பு பாதித்தவர்களிடம் இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் தெளிவாகக் கூடியிருப்பதைக் கண்டோம். புள்ளியியல் கணக்கு பிரமாதமாக வந்தது. கட்டுரையின் வரைவுகூடத் தயார். ஒரு மாலை, மறுபடி அளப்பதற்காக உறைபெட்டியிலிருந்து குழாய்களை எடுத்து ரேக்கில் வரிசையாக நிறுத்தினேன். பனி விலகியதும் பார்த்தால், பிளாஸ்மா வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய குழாய்களில் சில இளஞ்சிவப்பு. எந்த எண் யாருடையது என்று ஒப்பிட்டேன். சிவந்தவற்றில் பெரும்பாலானவை நரம்பு பாதித்தவர்களுடையவை. அவர்கள் வயதானவர்கள், நாளம் எளிதில் கிடைக்காது. மெல்லிய ஊசியால் பலமுறை குத்தி, சிரமப்பட்டு இழுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தன. நாங்கள் கண்டுபிடித்ததாக மகிழ்ந்தவை மிர்-451, மிர்-16. இரண்டும் சிவப்பணுக்களில் கொட்டிக் கிடப்பவை. நரம்பைப் பற்றி எதுவும் சொல்லாத ஒரு கட்டுரையை நாங்கள் வெளியிட இருந்தோம்.

இந்த ஆபத்து தெரிந்த ஒன்றுதான். ஆனாலும் மாதிரியின் நிறத்தை, ரத்தம் எடுத்து எத்தனை நிமிடத்தில் பிளாஸ்மாவைப் பிரிக்கச் சுழற்றினார்கள் என்பதை, தட்டணுக்களை நீக்கினார்களா என்பதை எழுதாத கட்டுரைகள் இன்றும் வருகின்றன. மிர்-16ஐயே மாறாத அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அளப்பதும் நடக்கிறது. அதே மிர்-146ஏ நீரிழிவு ரத்தத்தில் கூடியது என்று ஓர் ஆய்வும் குறைந்தது என்று இன்னோர் ஆய்வும் சொல்வதில் ஆச்சரியமில்லை. ஒன்று, ரத்தம் உறைந்த பின் பிரியும் சீரத்தில் அளந்தது, ஒன்று வெள்ளணுக்களில் அளந்தது, ஒவ்வொன்றிலும் நோயின் கட்டம் வேறு.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு இன்னொரு பட்டியலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கையில் இருக்கும் பட்டியல்களிலிருந்து இரண்டு மூன்று ஆர்.என்.ஏ.க்களை மட்டும் தேர்ந்து, அவற்றை மனிதரின் நரம்பில் கடைசிவரை கொண்டுபோகும் வேலைக்குப் பணம் கொடுங்கள். மிர்-146ஏ அவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்பது என் கருத்து. வேறொன்றைத் தேர்ந்தாலும் மறுப்பில்லை.

கடைசிவரை என்றால் என்ன? முதலில், அந்தப் பெரியவரின் கேள்விக்குப் பதில் தரக்கூடிய ஆய்வு. உணர்வு இருக்கும்போதே ஆட்களைச் சேர்க்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் 10 கிராம் நைலான் இழை, இசைக்கவை, நரம்பு மின்கடத்தல் சோதனை, அதே நாளில் விதிப்படி எடுத்த ரத்தம். சம்மதிப்பவர்களிடம் கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே, 3 மில்லிமீட்டர் அளவில் தோல் துணுக்கு. மரக்க ஊசி போட்டு எடுப்பது, தையல் தேவையில்லை. அதில் தோலின் மேலடுக்குக்குள் ஏறும் நரம்பு நுனிகளை நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். அதே துணுக்கின் பக்கத்திலேயே ஆர்.என்.ஏ.வையும் அளக்கலாம். ஒருவரின் ஆர்.என்.ஏ. முதலில் மாறி, பிறகு நுனிகள் குறைந்தனவா, முதலில் நுனிகள் குறைந்து பிறகு ஆர்.என்.ஏ. மாறியதா என்பது அப்போது தெரியும். அதே ஆளை அவருடனேயே ஒப்பிடுவதால் வயதின் குழப்பமும் பெருமளவு போய்விடும்.

இது மூன்று ஆண்டு நிதிக்குள் அடங்காது என்பீர்கள். அடங்காதுதான். டி.சி.சி.டி.யும் எடிக்கும் அடங்கவில்லை. 1983-இல் தொடங்கிய ஒன்றைப் பல பத்தாண்டுகள் தாங்கிப் பிடித்ததால்தான் உடலின் பழைய நினைவைப் பற்றி நமக்குத் தெரிய வந்தது. அப்படித் தாங்கும் பொறுமை நிதிக் குழுக்களுக்கு முன்பு இருந்திருக்கிறது.

சேமித்து வைத்தது எப்போது எப்படிக் கைகொடுக்கும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1990-களில் அசிட்டைல்-எல்-கார்னிடின் என்ற மருந்துக்கான சோதனையில், பங்கேற்றவர்களின் கெண்டைக்கால் நரம்பிலிருந்து 52 வார இடைவெளியில் இருமுறை சிறு துண்டு எடுத்தார்கள். அந்த மருந்து யாரையும் காப்பாற்றும் மருந்தாக நிலைபெறவில்லை. ஆனால் அந்த நரம்புத் துண்டுகளை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஈவா ஃபெல்ட்மன் குழு அவற்றை எடுத்து, நரம்பு வேகமாகக் கெட்டவர்களுக்கும் கெடாமல் நின்றவர்களுக்கும் மரபணுச் செயல்பாட்டில் என்ன வேறுபாடு என்று 2011-இல் வெளியிட்டது. கொழுப்பு வளர்சிதை மாற்றமும் அழற்சியும் முன்னுக்கு வந்தன. இன்று அப்படி நரம்பை வெட்டி எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எடுத்த இடத்தில் நிரந்தரமாக மரத்துப்போகும். ஆனால் முன்பே எடுத்தவை எத்தனை உறைபெட்டிகளில் இன்னும் தூங்குகின்றன என்று தேட ஒரு சிறு தொகை ஒதுக்கினால், புதிதாக ஒருவரையும் குத்தாமலே வேலை தொடங்கும்.

நரம்பு முடிச்சை உயிரோடு இருப்பவரிடம் எடுக்க முடியாது. உறுப்புக் கொடையாளர்களிடம் எடுக்க முடியும். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் டெக்சாஸின் தியோடர் பிரைஸ் உள்ளிட்டோருடன் சேர்ந்த குழு 2022-இல், வலியோடு கூடிய நீரிழிவு நரம்பு பாதிப்பு இருந்த கொடையாளர்களின் முடிச்சுகளை ஆராய்ந்து, நரம்பு செல்கள் குறைந்திருப்பதையும் அழற்சி கூடியிருப்பதையும் காட்டியது. இறந்துபோன ஒருவரின் குடும்பம், சிறுநீரகம் கொடுத்த கையோடு முதுகெலும்பு ஓரத்திலிருந்து பட்டாணி அளவுள்ள முடிச்சுகளையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்ததால் கிடைத்த அறிவு அது. அந்தக் குடும்பங்களுக்கு நாம் பட்ட கடன் பெரியது. இத்தகைய திசுவை எடுத்துப் பாதுகாக்கும் அமைப்புகள் கைவிரலில் எண்ணிவிடும் அளவே உள்ளன. மிர்-146ஏ மனித முடிச்சின் எந்தச் செல்லில் குறைகிறது, நரம்பு செல்லிலா, அதைச் சூழ்ந்த துணைச் செல்லிலா, உள்ளே நுழைந்த நோய் எதிர்ப்புச் செல்லிலா என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

அடுத்தது, கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஆர்.என்.ஏ.வை மருந்தாக்குவது கனவு என்று இனி யாரும் சொல்ல முடியாது. சிறு ஆர்.என்.ஏ.வால் ஒரு மரபணுவின் செய்தியை அழிக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டை 1998-இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரேக் மெல்லோவும் விளக்கினார்கள். அதிலிருந்து இருபது ஆண்டுகளில் பாட்டிசிரான் மருந்தாக வந்தது. டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் கெட்டுப் படிவதால் பரம்பரையாக வரும் அமிலாய்டு நோயில் நரம்பு கெடுவதற்கு 2018-இல் அது அனுமதி பெற்றது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்றினால், சோதனையில் பலருக்கு நரம்புப் பாதிப்பின் வேகம் நின்றது, சிலருக்கு மேம்படவும் செய்தது. ஆனால் அந்த மருந்து போவது கல்லீரலுக்கு. கெட்ட புரதம் அங்கே உற்பத்தியாகிறது, கல்லீரலோ மருந்தைச் சுமக்கும் கொழுப்புத் துகள்களைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். நீரிழிவில் நமக்கு வேண்டியது நரம்பு முடிச்சுக்கும் ஷ்வான் செல்லுக்கும் போகும் வண்டி. அது இன்னும் சரியாகக் கட்டப்படவில்லை. ரத்தத் தடுப்பு தளர்ந்த முடிச்சு என்பது நோய்க்கு வாசல் என்றேன், மருந்துக்கும் அது வாசலாகக்கூடும். இந்த இடத்தில் கொடுக்கும் பணம், எந்த ஆர்.என்.ஏ. கடைசியில் வென்றாலும் வீணாகாது.

அவசரமும் வேண்டாம். புற்றுநோய்க்காக மிர்-34ஏவைச் செயற்கையாகச் செய்து கொடுத்த முதல் மனிதச் சோதனை, கடுமையான நோய் எதிர்ப்பு விளைவுகளாலும் உயிரிழப்புகளாலும் 2016-இல் நிறுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கான செய்திகளைத் தொடும் ஒன்றை உடல் முழுக்க ஊற்றினால் என்ன நடக்கும் என்பதை அந்தச் சோதனையில் இறந்தவர்களின் குடும்பத்தார் விலை கொடுத்து நமக்குச் சொன்னார்கள். மிர்-146ஏ அழற்சியை அடக்குவது நரம்புக்கு நல்லது. கிருமி தாக்கும் நேரத்தில், ஏற்கெனவே பாதத்தில் புண் உள்ளவருக்கு அதே அடக்கம் என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு இடம் தராத விண்ணப்பத்தை, எலியில் அதன் முடிவு எவ்வளவு அழகாக இருந்தாலும், திருப்பி அனுப்புங்கள்.

தோற்றால் அதையும் வெளியிடுவோம் என்று எழுதிக் கொடுக்கும் குழுவுக்கு முன்னுரிமை கொடுங்கள். எந்த ஆர்.என்.ஏ., எந்தத் திசு, எவ்வளவு மாற்றம் இருந்தால் வெற்றி என்பதை வேலை தொடங்கும் முன்பே பதிவு செய்யச் சொல்லுங்கள். எங்கள் சிவந்த குழாய்களின் கதை எங்கும் அச்சாகவில்லை. அச்சாகியிருந்தால் அதே பள்ளத்தில் இன்னொருவர் விழாமல் இருந்திருக்கலாம். அதை எழுத அப்போது எங்களுக்குத் துணிவில்லை, எழுதினாலும் அதற்கான நேரத்துக்குச் சம்பளம் தர யாரும் இல்லை.

எங்கள் உறைபெட்டியில் அந்தப் பாத அறையில் எடுத்த மாதிரிகள் இன்னும் இருக்கின்றன, மைனஸ் 80 டிகிரியில். ஒவ்வொரு குழாயிலும் எடுத்த தேதி, சுழற்றிய நேரம், நிறம் ஆகியவற்றைப் பின்னால் உட்கார்ந்து திருத்தி எழுதிச் சேர்த்திருக்கிறேன். சிவந்தவற்றைத் தனிப் பெட்டியில் பிரித்து வைத்திருக்கிறேன். அந்தப் பெரியவர் அடுத்த மூன்று ஆண்டுகளும் வந்தார், மூன்று முறையும் ரத்தம் கொடுத்தார், மூன்று முறையும் இசைக்கவை எவ்வளவு நேரம் தெரிகிறது என்று என்னைக் குறித்து வைக்கச் சொன்னார். அவரைப் போலத் தொடர்ந்து வந்தவர்களின் குழாய்களும் அந்தக் குறிப்பேடும், முறைப்படி அனுமதி பெற்று வரும் எந்தக் குழுவுக்கும் கொடுக்கத் தயாராக இருக்கின்றன.

நம்பிக்கையுடன்,
சிறு ஆர்.என்.ஏ.க்களை அளக்கும் ஓர் ஆய்வகப் பணியாளர்